7.5 என்று எண் போட்ட கதையைத் தாண்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஜே.டி. ராப் எழுதும் ‘இன் டெத்’ வரிசையில் முதல் ஏழு நாவல்களை ஒழுங்காகப் படித்துவிட்டீர்கள். எட்டாவதை எடுப்பதற்குள் 7.5 என்று எண் போட்ட ‘மிட்நைட் இன் டெத்’ என்ற குறுநாவல் குறுக்கே வந்தது. படித்தீர்கள், சப்பென்று இருந்தது. கொலைகாரன் யார் என்பது முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிட்டது. 2058இல் நடக்கும் கதை என்கிறார்கள், ஆனால் எதிர்காலம் என்று சுட்டிக்காட்ட அதில் பெரிதாக எதுவும் இல்லை. இதைத் துப்பறியும் கதை என்று எப்படிச் சொல்கிறார்கள், இதே மாதிரி இன்னும் ஒன்பது இருக்கிறதாமே, எல்லாவற்றையும் தாண்டிப் போனால் ஏதாவது இழப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஏழு நாவல்களில் கிடைத்த ஏதோ ஒன்று இந்தக் குறுநாவலில் கிடைக்கவில்லை, அது எங்கே போயிற்று?

நான் விமர்சகன் அல்ல. 1996 முதல் 2015 வரை திருச்சியில் வாடகை நூல்நிலையம் நடத்தினேன். ஆங்கில பேப்பர்பேக் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க ‘டெத்’ என்று முடியும் தலைப்புகள்தான் நின்றன. யார் எந்தப் புத்தகத்தை இரண்டு நாளில் திருப்பித் தந்தார், எதை மூன்று வாரம் வைத்திருந்து அபராதம் கட்டினார், எதோடு அந்த வரிசையையே நிறுத்திக்கொண்டார் என்று பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவுதான் என்னுடையது. நாற்பது நாவல் வரை வரிசை பிசகாமல் படித்தேன். கடையை மூடிய பிறகு கைக்குக் கிடைத்ததை மட்டும் படிக்கிறேன். அதனால் பிற்காலத்துப் புத்தகங்களைப் பற்றி நான் எதையாவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சிறு முன்கதை. ஜே.டி. ராப் என்பது நோரா ராபர்ட்ஸின் புனைபெயர். ஜே, டி இரண்டும் அவருடைய மகன்கள் ஜேசன், டான் பெயர்களின் முதலெழுத்துகள். ராப் என்பது ராபர்ட்ஸின் குறுக்கம். வரிசையின் முதல் நாவல் ‘நேக்கட் இன் டெத்’ 1995இல் வந்தது. நாயகி ஈவ் டல்லாஸ், நியூயார்க் போலீஸில் கொலைப் பிரிவு லெஃப்டினென்ட். ரோர்க், டப்ளின் தெருக்களில் வளர்ந்து பெரும் பணக்காரர் ஆனவர். முதல் வழக்கில் சந்தேகப் பட்டியலில் இருந்தவர், மூன்றாம் நாவலின் முடிவில் கணவர். ஏறக்குறைய வருடத்துக்கு இரண்டு நாவல் என்ற கணக்கில் வந்து, 2025இல் அறுபதைத் தாண்டிவிட்டது. கதைக்குள் மட்டும் காலம் நத்தை வேகம். 2058இன் தொடக்கத்தில் ஆரம்பித்த கதை, 2020இல் வந்த ஐம்பதாவது நாவலான ‘கோல்டன் இன் டெத்’தில் 2061இல்தான் நிற்கிறது. வாசகருக்கு இருபத்தைந்து வருடம், ஈவுக்கு மூன்று வருடம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ‘மிட்நைட்’. நீங்கள் படித்துவிட்டதால் ஒளிக்காமல் பேசுகிறேன். கிறிஸ்துமஸ் நாள். ஒரு நீதிபதியின் உடல் கிடைக்கிறது, கூடவே ஒரு பெயர்ப் பட்டியல். தன்னைச் சிறைக்கு அனுப்பியவர்கள் ஒவ்வொருவரையும் பழிவாங்கச் சிறையிலிருந்து தப்பி வந்த டேவிட் பாமரின் வேலை அது என்று ஈவுக்கு உடனே புரிந்துவிடுகிறது. பட்டியலில் அவள் பெயரும் இருக்கிறது, போலீஸ் மனநல மருத்துவர் மைராவின் பெயரும் இருக்கிறது. அதற்குப் பிறகு கேள்வி ‘யார்’ என்பது அல்ல. ‘எங்கே, எப்போதைக்குள்’ என்பதுதான். வருடக் கடைசி நாளின் நள்ளிரவு கெடு. துப்பறியும் கதையில் இதுவும் பழைய, மதிப்புள்ள ஒரு வகைதான். ஆனால் ஏழு நாவல்களாக ஈவ் சாட்சிகளை உட்கார வைத்துக் குடைவதையும், சந்தேகப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக அடிப்பதையும் பார்த்துப் பழகியவர், விசாரணை அறையே சரியாக இல்லாத கதையில் ஏமாறுவது இயல்பு. நூறு பக்கத்துக்குள் ஆறு சந்தேக நபர்களை அறிமுகப்படுத்தி, ஆளுக்கு ஒரு பொய், ஆளுக்கு ஒரு காரணம் கொடுத்து, நடுவில் ஈவ் – ரோர்க் வீட்டுக் காட்சிகளுக்கும் இடம் விட முடியாது. ஏதாவது ஒன்றை வெட்டத்தான் வேண்டும். இந்த வரிசையின் வாசகர்கள் வீட்டுக் காட்சிகளை வெட்டினால் சும்மா விடமாட்டார்கள். வெட்டுப்பட்டது சந்தேக நபர்கள்.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது மைரா. எட்டு வயதில், கை முறிந்த நிலையில், டல்லாஸ் நகரத்துச் சந்து ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட பெண் ஈவ். ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அம்மா என்ற சொல்லுக்கு அருகில் வரும் ஒரே ஆள் மைரா. ஈவோ அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவள். இந்த உறவை நாவல்கள் அங்கே ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம் என்று கசிய விடுகின்றன. குறுநாவல் அதையே மையமாக்கி, ‘இவரை இழந்தால் என்ன ஆவாய்?’ என்று ஈவைப் பார்த்துக் கேட்கிறது. பட்டியலில் மைராவின் பெயரைப் படித்த கணத்தில் உங்களுக்கு வயிற்றில் ஏதாவது செய்ததா? செய்திருந்தால் கதை தன் வேலையைச் செய்துவிட்டது. செய்யவில்லை என்றால் குறை உங்களுடையது அல்ல. முந்தைய புத்தகங்களில் மைரா வரும் காட்சிகள் அப்படிப் புரட்டிவிட்டுப் போகக் கூடியவைதான். என் கடையில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் இந்த வரிசையில் முதலில் படித்ததே இந்தக் குறுநாவல்தான். “யாருங்க இந்த டாக்டரம்மா, எதுக்கு இந்தப் பொண்ணு இப்படித் துடிக்குது?” என்று புத்தகத்தை மேசையில் வைத்தார். அவரிடம் நான் பதில் சொல்ல முயன்றேன். அது முடியாத வேலை என்று பாதியில் தெரிந்தது. ஏழு நாவல்களை வாயால் சொல்ல முடியுமா?

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் சொன்னால் இன்னும் தெளிவாகும். எதிர்காலத் துப்பறியும் கதை என்றாலே பெயர் அடிபடும் ஐசக் அசிமோவ் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலை 1953இல் கேலக்ஸி இதழில் தொடராக எழுதினார், அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. அந்தக் காலத்தில் ஜான் கேம்ப்பெல் என்ற பெரிய பத்திரிகை ஆசிரியர், அறிவியல் புனைகதையையும் மர்மக் கதையையும் சேர்க்கவே முடியாது என்று நினைத்தவர். வாசகருக்குத் தெரியாத ஒரு புதுக் கருவியைத் துப்பறிபவர் கடைசியில் பையிலிருந்து எடுத்து வழக்கை முடித்துவிடலாமே, அப்புறம் வாசகர் யோசித்து என்ன பயன் என்பதுதான் அவர் வாதம். அசிமோவின் பதில் எளிது: உன் எதிர்காலத்தின் விதிகளை முன்கூட்டியே மேசைமேல் வை, பிறகு அந்த விதிகளுக்குள்ளேயே விளையாடு. போலீஸ்காரர் எலைஜா பேலியும் ரோபோ டேனீலும் அப்படிப் பிறந்தவர்கள். அவர்களை வைத்து அவர் 1972இல் ‘மிரர் இமேஜ்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு கணித மேதைகள் உரிமை கோருகிறார்கள். இருவரிடமும் ஒவ்வொரு ரோபோ, இரண்டும் தத்தம் எஜமானர் சொல்வதே உண்மை என்கின்றன. ஒன்று நிச்சயம் பொய். சில பக்கங்களில் முடிந்துவிடும் கதை. ஆனாலும் முழுத் திருப்தி கிடைக்கும். காரணம், ரோபோக்களின் மூன்று விதிகளை (மனிதருக்குத் தீங்கு செய்யாதே, மனிதர் சொல்வதைக் கேள், உன்னைக் காத்துக்கொள்) அசிமோவின் வாசகர் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஆக, நீண்ட வரிசையில் வரும் சின்னக் கதை எதுவும் சொந்த முதல் போட்டு நடப்பதில்லை, வரிசையின் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் செலவு செய்கிறது. அசிமோவின் சேமிப்பு விதிகள். ராபின் சேமிப்பு மனிதர்கள். நீங்கள் விதிகளின் ஆளாக இருந்துகொண்டு மனிதர்களின் கடைக்குப் போயிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

எதிர்காலம் எங்கே என்று கேட்டீர்களே, அதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. ராப் காட்டும் 2058இல் சாதாரண மக்கள் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. பாலியல் தொழில் உரிமம் வாங்கிச் செய்யும் தொழில். சமையலறையில் தானாகவே சாப்பாடு தரும் ஆட்டோஷெஃப் நிற்கிறது. உண்மையான காப்பிக் கொட்டை அரிய, விலை கூடிய பொருள் என்பதால்தான் ரோர்க் முதல் நாவலிலேயே காப்பியை அனுப்பி ஈவின் மனதைக் கரைக்கிறார். இவையெல்லாம் வழக்கை அவிழ்க்கும் விதிகள் அல்ல, மனிதர்கள் வாழும் வீட்டின் சாமான்கள். நாவலில் பக்கத்துக்கு ஒன்றாக அவை கண்ணில் படும். குறுநாவலில் அவற்றைத் திரும்ப விளக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை. அதனால் உங்கள் கண்ணுக்கு அவை தெரியாமலே போயின. இன்னொன்றும் உண்டு, இது என் ஊகம். தொண்ணூறுகளில் உட்கார்ந்து 2058ஐக் கற்பனை செய்தவர் தகவலைக் கணினி வட்டுகளில் போட்டுக் கைக்குக் கை மாற்றுகிறார், படம் தெரியும் தொலைபேசியை அதிசயமாகக் காட்டுகிறார். இன்று நம் சட்டைப் பையிலேயே அவை கிடக்கின்றன. அன்று எதிர்காலமாக இருந்தது இன்று நிகழ்காலத்தைவிடக் கொஞ்சம் பழசாகவே தெரிகிறது. 1998இல் அந்தக் குறுநாவலைப் படித்தவருக்கு இந்தக் குறை தோன்றியிருக்காது.

1998 என்றதும், இந்த அரை எண் கதைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பலர் கவனிக்காதது இது. இந்தக் குறுநாவல்கள் எதுவும் முதலில் தனிப் புத்தகமாக வரவில்லை. ஒவ்வொன்றும் நாலைந்து எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய ஒரு தொகுப்புக்குள் வந்தது, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு பொதுக் கரு இருந்தது. ‘மிட்நைட்’ வந்த தொகுப்பு ‘சைலன்ட் நைட்’, கிறிஸ்துமஸ் கதைகள். ஏழாவது நாவலான ‘ஹாலிடே இன் டெத்’திலேயே கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒரு கொலைகாரனைத் துரத்தி முடித்த கையோடு, அதே டிசம்பரில் ஈவுக்கு இன்னொரு கொலை வழக்கு ஏன் வந்தது என்றால் இதனால்தான். 2001இல் ‘அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ என்று ஒரு தொகுப்பு. அதற்கு ஏற்றபடி ‘இன்டர்லூட் இன் டெத்’ பூமிக்கு வெளியே, ஒலிம்பஸ் என்ற உல்லாச விடுதியில் நடக்கிறது. 2006இல் ‘பம்ப் இன் த நைட்’. உடனே ‘ஹான்டட் இன் டெத்’தில் பழைய கிளப் ஒன்றின் சுவருக்குள்ளிருந்து ஒரு பாடகியின் எலும்புக்கூடும், அவளுடைய ஆவியைப் பற்றிய பேச்சும். 2007இல் ‘டெட் ஆஃப் நைட்’ தொகுப்புக்கு ‘எடர்னிட்டி’, அதில் ரத்தக்காட்டேரி வேடம் போடும் கூட்டம். 2008இல் ‘ஸ்வீட் 606’ தொகுப்புக்கு ‘ரிச்சுவல்’, அதில் சாத்தான் வழிபாடு. பிற்பாடு 2013இல் ‘மிரர், மிரர்’ என்ற தேவதைக் கதைத் தொகுப்புக்கு ‘டேக்கன்’, 2015இல் ‘டவுன் த ராபிட் ஹோல்’ தொகுப்புக்கு ‘வண்டர்மென்ட்’. ஆலிஸ் கதையைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்தது அது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய புதிர் அவிழும். நாவல்களில் ஆதாரம், சோதனைக்கூடம், கணினித் தடயம் என்று தரையில் கால் வைத்து நடக்கும் ஈவ், குறுநாவல்களில் மட்டும் ஏன் அடிக்கடி பேய் பிசாசுப் பக்கம் போகிறாள் என்று என்னிடம் கேட்காத வாசகர் இல்லை. கருவைத் தீர்மானித்தது தொகுப்பு. நம் தீபாவளி மலரில் துப்பறியும் கதைக்குள் பட்டாசு வந்தே தீருவது போல. அந்தக் கட்டாயம் இல்லாமல் இருந்திருந்தால் ராப் ஆவிப் பக்கம் போயிருப்பாரா என்பது ஊகத்துக்குரியது. போயிருக்க மாட்டார் என்பது என் கட்சி. 2010இல் வந்த ‘பொசெஷன்’ கதையில், இறந்துகொண்டிருக்கும் ஒரு கிழவியின் ஏதோ ஒன்று ஈவுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. அது வேடமோ ஏமாற்றோ அல்ல, கதைக்குள் உண்மையாகவே நடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் மனைவிக்கு இந்தப் பத்தில் அதுதான் பிடித்தது. அந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

உங்களுக்கு ஏற்பட்ட எரிச்சலுக்கு நம் ஊர்ப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் நாம். விவேக் – ரூபலாவோ பரத் – சுசீலாவோ எந்த மாதத்துப் புத்தகத்தை எடுத்தாலும் அதே வயதில், அதே கிண்டலோடு நிற்பார்கள். கணேஷும் வசந்தும் மட்டும் என்ன, நமக்கு நரை விழுந்ததே தவிர அவர்களுக்கு விழவில்லை. எங்கே ஏறினாலும் அதே டவுன் பஸ். ‘இன் டெத்’ அப்படி இல்லை. ஆட்கள் மெதுவாக, ஆனால் நிச்சயமாக மாறுகிறார்கள். வாசகரின் இருபத்தைந்து வருடம் ஈவுக்கு மூன்று வருடம் என்றேனே, அந்த மூன்று வருடத்துக்குள் பதவி உயர்வு, பிரிவு, சேர்தல், குழந்தை எல்லாம் நடக்கிறது. அதனால்தான் குறுநாவலுக்கும் அரை எண் போடும் அளவுக்கு இந்த வரிசையின் வாசகர்கள் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். நீங்கள் இப்போது ஈவின் உதவியாளராகப் பார்க்கும் பீபடியை ஒழுங்கு மாறிப் படித்தால் வேறு உடுப்பில், வேறு பதவியில் பார்த்துத் திகைப்பீர்கள். அதற்கு மேல் சொன்னால் உங்கள் அடுத்த பத்து நாவல்களைக் கெடுத்த பாவம் எனக்கு வரும்.

சரி, தாண்டலாமா? வழக்குகளின் தொடர்ச்சி என்று மட்டும் பார்த்தால் தாராளமாகத் தாண்டலாம். குறுநாவலில் நடந்தது தெரியாததால் அடுத்த நாவல் புரியாமல் போவது இல்லை. தொகுப்புகளை எல்லாரும் வாங்க மாட்டார்கள் என்பது ஆசிரியருக்கும் தெரியும், முக்கியமான திருப்பம் எதையும் அவர் அதில் வைத்துப் பூட்டவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தாண்டாதீர்கள் என்று நான் சொல்வேன்: 12.5ஆக வரும் ‘இன்டர்லூட்’. போலீஸ் மாநாட்டில் பேசுவதற்காக வேண்டா வெறுப்பாக ஒலிம்பஸ் போகும் ஈவ், ஒரு காலத்தில் தான் மதித்த ஓய்வு பெற்ற கமாண்டர் ஒருவரை அங்கே சந்திக்கிறாள். அவருக்கும் ரோர்க்கின் அப்பாவுக்கும் இடையில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ரோர்க் எங்கிருந்து வந்தவர் என்பதில் உங்களுக்கு அக்கறை இருந்தால், அந்த நூறு பக்கத்துக்குச் சில முழு நாவல்களைவிடக் கனம் அதிகம்.

புதிர்தான் வேண்டும் என்றால் 29.5, ‘மிஸ்ஸிங்’. 2009இல் வந்தது. ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகு, நடு நீரில். கழிப்பறைக்குப் போன ஒரு பெண் திரும்பி வரவில்லை. தரை முழுக்க ரத்தம், உடல் இல்லை. படகு கரைக்கும் வரவில்லை. ஆரம்பம் இப்படி அமைந்தால் யாருக்குத்தான் கை ஊறாது? முதல் பாதி அருமை. விடையில் ஒரு புதுக் கருவிக்குப் பங்கு இருக்கிறது என்பதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன். கேம்ப்பெல் எதைச் சொல்லிப் புலம்பினாரோ அதே பையிலிருந்து எடுத்த கருவி. விதிகளின் ஆளான உங்களுக்கு அங்கே கோபம் வரலாம், எனக்கும் வந்தது. ‘ஹான்டட்’ மழை நாளில் படிக்க நன்றாக இருக்கும். ‘எடர்னிட்டி’, ‘ரிச்சுவல்’ இரண்டையும் விட்டால் எதுவும் குறையாது. 2011இல் வந்த ‘கேயாஸ்’ நல்லவனுக்குள் ஒளிந்திருக்கும் கெட்டவன் என்ற பழைய கருவுக்கு ஆய்வுக்கூடச் சட்டை மாட்டிய கதை. ஒரு முறை படிக்கலாம்.

பழைய தொகுப்புகளைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளில் அலைய வேண்டாம். அவற்றில் உங்களுக்குத் தேவையில்லாத மற்றவர்களின் கதைகளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டி வரும். ‘மிட்நைட்’, ‘இன்டர்லூட்’, ‘ஹான்டட்’ மூன்றையும் சேர்த்து 2008இல் ‘த்ரீ இன் டெத்’ என்று ஒரே புத்தகமாகப் போட்டார்கள். ‘எடர்னிட்டி’, ‘ரிச்சுவல்’, ‘மிஸ்ஸிங்’ மூன்றும் ‘டைம் ஆஃப் டெத்’ என்ற புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் புத்தகம் கையில் இருக்கிறதே என்று மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள். ‘இன்டர்லூட்’ உங்களுக்கு இன்னும் ஐந்து நாவல் தள்ளி இருக்கிறது. அந்த ஐந்தில் ரோர்க்கைப் பற்றிக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு போனால்தான் அந்தக் கமாண்டர் வாய் திறக்கும்போது சுருக்கென்று தைக்கும்.

இப்போதைக்கு நீங்கள் எடுக்க வேண்டியது எட்டாவது, ‘கான்ஸ்பிரசி இன் டெத்’. நடைபாதையில் படுத்திருந்த ஒரு மனிதனின் இதயத்தை யாரோ சுத்தமாக, கை தேர்ந்த அறுவை மருத்துவரைப் போல எடுத்துப் போயிருக்கிறார்கள். கொலைகாரனின் பெயர் இந்த முறை முதல் சில பக்கங்களில் கிடைக்காது.